பத்தாம் நம்பர் பூட்ஸ்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் படம் திரைக்குப் போக வேண்டும். திங்கட்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு நான் படத்தை நிறுத்தும் பட்டனை அழுத்திவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். மானிட்டரில் ஓர் ஆண்பிள்ளை பூட்ஸின் அடிப்பாகம் பெரிதாக நின்றது. அதில் சாக்பீஸால் 10 என்று எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தது. படத்தைப் பின்னுக்கு ஓட்டி அதையே இன்னொரு முறை பார்த்தேன்.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரத்தில் ஒரு போஸ்ட் புரொடக்‌ஷன் ஸ்டூடியோவில் சப்டைட்டில் எழுதினேன், க்யூ.சி. பார்த்தேன். க்யூ.சி. என்றால் முழுப் படத்தையும் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, எங்கே கீறல், எங்கே சத்தம் உதட்டை விட்டுத் தள்ளிப்போகிறது, எங்கே சப்டைட்டில் முந்துகிறது என்று ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போடுவது. என் கையெழுத்து விழாமல் அங்கிருந்து ஒரு படமும் வெளியே போனதில்லை. "பகவதி சேச்சி ஓகே பறஞ்ஞா ஓகே" என்பார்கள், பகவதி அக்கா சரி என்று சொன்னால் சரி என்று அர்த்தம். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது, முப்பது வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு வாங்கிய பெயர் அது.

அதிலும் நகைச்சுவைப் படமென்றால் என்னிடம்தான் வரும். சீரியஸ் படத்துக்கு யாரும் சப்டைட்டில் போட்டுவிடலாம். நகைச்சுவையில் நடிகர் வாயைத் திறப்பதற்குள் எழுத்து வந்துவிட்டால், ஹாலில் படித்தவன் முதலில் சிரிப்பான், அந்தச் சிரிப்பில் நடிகரின் குரல் மூழ்கிப் போகும். நான் வசனத்தை இரண்டாக உடைப்பேன். சிரிப்பு வரவேண்டிய சொல்லை அரை வினாடி பிடித்து வைத்து, வாய் அசைந்ததும் விடுவேன். மலையாளம் மட்டும் தெரிந்தவனும் தமிழ் தெரிந்தவனும் ஒரே நேரத்தில் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அது நடந்தால் அன்று எனக்குச் சோறு கூட வேண்டாம்.

கமலாவும் அவள் கணவனும்

படத்தின் பெயரை எழுதவில்லை. உரிமை எனக்கு, உனக்கு என்று இரண்டு பேர் இன்னும் கோர்ட்டில் நிற்கிறார்கள், நடுவில் நான் எதற்கு? ஸ்டூடியோவில் நாங்கள் வைத்த பெயர் கல்யாணப் படம். கறுப்பு வெள்ளை, பதினான்கு ரீல்.

கமலா என்று ஒரு மனைவி. அவள் கணவன் சுந்தரம் ஒரு கம்பெனியின் விற்பனை ஆள். 'காம்ப் போகிறேன்' என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டு, அடுத்த தெருவில் நாட்டிய டீச்சர் வீட்டில் போய் உட்கார்ந்திருப்பான். கமலாவுக்கு விஷயம் தெரிந்துவிடும். அவள் அழமாட்டாள், அம்மா வீட்டுக்கும் போகமாட்டாள். இல்லாத ஓர் ஆளை உண்டாக்குவாள். கடைக்குப் போய், "ஐயாவுக்காம்மா?" என்று கேட்கிற கடைக்காரரிடம், "ஐயாவைவிடப் பெரிய காலுக்கு" என்று சொல்லிப் பத்தாம் நம்பர் பூட்ஸ் வாங்குவாள். ஜோடி மாறிவிடாமல் இருக்கக் கடைக்காரர் இரண்டின் அடியிலும் சாக்பீஸால் நம்பர் எழுதி வட்டம் போட்டுக் கொடுப்பார். வீட்டுக்கு வந்து இடது கையால் தனக்குத்தானே ஒரு காதல் கடிதம் எழுதுவாள். இது எட்டாவது ரீல். ஒன்பதாவது ரீலில் சுந்தரம் சொல்லாமல் கொள்ளாமல் வீடு திரும்புவான். வாசலில் பூட்ஸ். எடுத்துத் திருப்பிப் பார்ப்பான், தன் காலோடு வைத்து அளந்து பார்ப்பான். அதற்குப் பிறகு அவனுக்குத் தூக்கமே கிடையாது. கடைசி ரீலில் அவன் தன் தப்பையெல்லாம் கொட்டிய பிறகு, "அப்படி ஒருத்தரும் இல்லைங்க" என்பாள் கமலா.

எடுத்த வரிசை இது. உலகத்துக்குத் தெரிந்த வரிசை வேறு. தியேட்டரில் படம் ஓடவில்லை, சீக்கிரமே பெட்டிக்குள் போய்விட்டது. பிற்பாடு டிவியிலும் கேசட்டிலும் சிடியிலும் இன்டர்நெட்டிலும் சுற்றியதெல்லாம் ஒரே ஒரு வீடியோ டேப்பின் பிரதிகள். அந்த டேப்பில் ஒன்பதாவது ரீல் முந்தி வரும், எட்டாவது பிந்தி வரும். கணவன் வாசலில் பூட்ஸைப் பார்த்து வெறிபிடித்து ஓடுகிறான், அதற்குப் பிறகு மனைவி கடைக்குப் போய் ஆண்பிள்ளைக்குப் பூட்ஸ் வாங்குகிறாள், காதல் கடிதம் எழுதுகிறாள். பார்க்கிறவன் என்ன நினைப்பான்? ஆள் உண்டு, அவனுக்கு இன்னொரு ஜோடி வாங்கிக் கொடுக்கிறாள் என்றுதானே. கடைசியில் அவள் சொல்லும் 'ஒருத்தரும் இல்லைங்க' பச்சைப் பொய்யாகிவிடும், அவன் அதை நம்புகிற அசடாகிவிடுவான். தாங்கள் பார்த்து வந்த கமலா கெட்டிக்காரக் கள்ளி என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

டேப்பில் பூட்ஸின் அடி வெறும் சாம்பல் திட்டு. இப்போது ஆவணக் காப்பகத்தார், மிஞ்சியிருந்த ஒரே பிரிண்டை 4கே தரத்தில் மிகத் துல்லியமாக ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார்கள். வரிசைக்கு அவர்களும் பழைய டேப்பைத்தான் வைத்துக்கொண்டார்கள். ஆனால் ஸ்கேனில் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. கள்ளக் காதலன் போட்டு நடந்து வந்த பூட்ஸ் என்றால் அடியில் சாக்பீஸ் எழுத்து அழியாமல் இருக்குமா? கடையிலிருந்து நேராக வாசலுக்கு வந்த பூட்ஸ் அது. கமலா ஒரு தப்பும் செய்யவில்லை.

சரி, ரீல் மாறிப்போச்சு, மாற்றி அடுக்க வேண்டியதுதானே, இதில் பதற என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அந்த டேப்பை எடுத்தவளே நான்தான்.

ஆரியசாலையில் ஒரு மத்தியானம்

என் முதல் வேலை இதே திருவனந்தபுரத்தில், ஆரியசாலையில், ஓர் அண்ணாச்சியின் வீடியோ கடையில். மாடியில் ஒரு வெள்ளைச் சுவர். அதில் புரொஜக்டரால் படத்தை ஓட்டி, எதிரே கேமரா வைத்து டேப்பில் பிடிப்போம். ரீலைக் கோத்து, ஃபோகஸ் பார்த்து, வரிசைப்படி ஓட்டுவது என் பொறுப்பு. சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, இந்தப் படத்தின் பெட்டி வந்தது.

ரீல் ஒவ்வொன்றும் ஒரு தகர டப்பாவில் இருக்கும், மூடியில் நம்பர் எழுதியிருக்கும். ஒரே பிரிண்டை இரண்டு தியேட்டரில் ஓட்டுகிற வழக்கம் அந்தக் காலத்தில் உண்டு. இங்கே ஓடி முடிந்த ரீலை சைக்கிளில் அங்கே கொண்டு ஓடுவார்கள். அந்த அவசரத்தில் எந்த மூடி எந்த டப்பாவுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. அதனால் தொழில் தெரிந்தவர்கள் மூடியைப் பார்க்கமாட்டார்கள். ரீலைப் பிரித்து, தலைப்பில் ஒட்டியிருக்கும் லீடர் என்ற துண்டு ஃபிலிமில் நம்பர் பார்ப்பார்கள். எட்டு, ஒன்பது என்ற இந்த இரண்டு ரீலிலும் லீடர் பிய்ந்துபோயிருந்தது. நான் மூடியைப் பார்த்து ஓட்டினேன்.

ஓடும்போதே எனக்கு ஏதோ இடறியது. அண்ணாச்சியிடம் போய், "இது முன்னுக்குப் பின்னா இருக்க மாதிரி இருக்கு அண்ணாச்சி" என்றேன்.

அவர் சாப்பாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "புருசன் பொண்டாட்டி சண்டையில எது முன்ன, எது பின்னன்னு எவனுக்குட்டி தெரியும்? மூடில என்ன போட்டிருக்கோ அதான் நம்பர். கரண்டு போறதுக்குள்ள ஓட்டி முடி" என்றார்.

ஓட்டி முடித்தேன். ஒருமுறை ரிவைண்ட் செய்து அந்த இரண்டு ரீலையும் மாற்றிப் போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. பிற்பாடு அந்த டேப் பிரபலமானதும், 'அது என் கைவேலை' என்று போகிற இடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டேன். ஸ்டூடியோவில் முதலாளி சஜியிடமும் அடித்திருக்கிறேன்.

சஜி சொன்னது

சஜி எங்கள் ஸ்டூடியோ முதலாளி, என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். நகரத்துத் திரைப்படச் சங்கத்தின் பழைய பட வாரத்துக்குப் படம் தேர்ந்தெடுப்பவரும் அவர்தான். கல்யாணப் படத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே கமலாவின் கள்ளத்தனம். 'கணவனுக்குப் பதிலுக்குப் பதில் கொடுத்து, கடைசிவரை மாட்டாமல் ஜெயித்த மனைவி' என்று அவர் எழுதிய குறிப்பு அச்சாகிக் கட்டுக்கட்டாக வந்துவிட்டது.

நான் சாக்பீஸ் எழுத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். டேப்பில் தப்புச் செய்தது நான் என்பதையும் சொன்னேன். அவர் மூன்று முறை அந்த ஷாட்டை ஓட்டிப் பார்த்தார்.

"சேச்சி, ஒரு சாக்பீஸ் வச்சு எங்ஙனே தீருமானிக்கும்? ஆர்ட் அசிஸ்டன்ட் துடைக்க மறந்ததாயிருக்கும்."

"துடைக்க மறந்த எழுத்தை டைரக்டர் எதுக்கு சார் ஸ்கிரீன் முழுக்கப் பெரிசாக் காட்டணும்?"

"பட்சே சேச்சி, ஆளுகளுக்கு இந்த வெர்ஷன்தான் இஷ்டம். அவ தப்புப் பண்ணி ஜெயிக்கறா. அதல்லே இந்தப் படத்தோட பவர்? மாத்தினா வெறும் தமாஷ் படம் ஆயிடும்."

"தமாஷ் படம்தானே சார் எடுத்தாங்க?" என்றேன்.

அவர் சிரித்தார், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. எழுத்தில் ஆதாரம் கேட்டார். சங்கத்தின் அலமாரியைக் குடைந்து அந்தப் படத்தின் பாட்டுப் புத்தகத்தைக் கண்டுபிடித்தேன். கதைச்சுருக்கம் ஒன்றரைப் பக்கம் நன்றாகத்தான் போயிற்று. 'கமலா ஒரு முடிவுக்கு வந்தாள். அவள் செய்தது என்ன? சுந்தரம் வாசலில் கண்டது என்ன? மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடிந்துவிட்டது. சஜி விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அந்தப் புத்தகத்தைச் சுக்கல் சுக்கலாகக் கிழிக்க வேண்டும்போல் இருந்தது.

டைரக்டர், எடிட்டர், சுந்தரமாக நடித்தவர் என்று எல்லோரும் காலமாகிவிட்டார்கள். மிஞ்சியிருந்தவர் கமலாவாக நடித்த நீலாம்பாள் அம்மாள் மட்டும். எண்பது தாண்டி, இதே ஊரில் ஸ்ரீவராகத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்த சஜி போனில் அழைத்திருந்தார். "அந்தப் படத்துக்கு நான் வரமாட்டேன்" என்று வைத்துவிட்டாராம். ஏன் என்று சஜிக்குத் தெரியவில்லை, வயதாகிவிட்டதல்லவா என்று விட்டுவிட்டார். புதன்கிழமை நான் ஆட்டோ பிடித்துப் போனேன்.

ஸ்ரீவராகத்தில்

அம்மாள் நாஞ்சில் நாட்டுக்காரர். இத்தனை வருஷம் கேரளத்தில் இருந்தும் பேச்சு மாறவில்லை. படத்தின் பேரைச் சொன்னதும் முகம் சுருங்கியது.

"அதைப் பத்தி என்ட்ட பேசாதே மக்ளே. வேற எது வேணும்னாலும் கேளு, சொல்லுகேன்."

நான் அவர் வாயில் பதிலைத் திணிக்கக் கூடாது என்று கவனமாக இருந்தேன். "ஒண்ணே ஒண்ணு கேக்கேன்மா. அந்தப் பூட்ஸை நீங்க எப்ப வாங்கினீங்க? புருஷன் பாக்கதுக்கு முந்தியா, பிந்தியா?"

"இது என்ன கேள்வி? முந்திதான். வாங்காம எப்படி வாசல்ல வைக்க?"

அதோடு நிறுத்தவில்லை. மனசில் எவ்வளவு காலமாகக் கிடந்ததோ, வந்துகொண்டே இருந்தது.

"எனக்கு அப்ப கல்யாணம் பேசியிருந்துது. இந்த மாதிரி வேஷம் போட்டா மாப்பிள்ளை வீட்ல என்ன சொல்லுவாங்களோன்னு டைரக்டர்ட்ட கேட்டேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'ஒன் பேருக்கு ஒரு களங்கமும் வராதும்மா. நீ சுத்தம்னு சனங்களுக்கு மொதல்லயே காட்டிருவேன். புருஷனுக்கு மட்டும்தான் தெரியாது, அதுலதான் சிரிப்பே இருக்கு'ன்னாரு. நம்பி நடிச்சேன். கல்யாண அலைச்சல்ல தியேட்டர்ல போய்ப் பாக்க முடியல. பொறவு டிவில போட்டான். எங்க வீட்ல அவ்வளவு பேரும் இருந்து பாக்கோம். பாத்தா, என்னை ஒரு திருட்டுக் கழுதையா ஆக்கி வச்சிருக்காரு. எங்க வீட்டுக்காரரு ஒண்ணும் கேக்கல. எழுந்திரிச்சு உள்ள போய்ட்டாரு. கேட்டிருந்தாலாவது சொல்லியிருப்பேன்."

"டைரக்டர்கிட்ட நீங்க கேக்கலியாம்மா?"

"என்னத்துக்குக் கேக்க? வாக்குக் குடுத்துட்டு மாத்தினவன்ட்ட என்ன பேச்சு? கடைசில ஆஸ்பத்திரில கெடந்துக்கிட்டு என்னைப் பாக்கணும்னு ஆள் விட்டாரு. போகல. சாவுக்கும் போகல. இத்தனை வருஷமும் அந்த மனுஷனை ஏசிக்கிட்டேதான் இருக்கேன்."

என் கையில் காப்பி டம்ளர் இருந்தது. கீழே வைத்தேன். மூடி மாறிய கதையை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். ஆரியசாலை, பிய்ந்த லீடர், கரண்டு போவதற்குள் ஓட்டி முடித்தது, பெருமை அடித்துக்கொண்டது எல்லாவற்றையும் சொன்னேன். "அவரு ஒண்ணும் மாத்தலம்மா. மாத்தினது நான்" என்றேன். எனக்கு அழுகை வந்தது, அடக்க முயலாமல் அழுதேன். ஒரு வேலையில் தப்பு வந்தால் ரிப்போர்ட்டில் ஒரு வரி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது ஒரு வீட்டுக்குள் போய் இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அவர் 'பரவாயில்லை' என்று சொல்லவில்லை. சொல்லாததே எனக்கு நல்லதாக இருந்தது.

"வேற எவனோ செஞ்சான்னு சொல்லியிருக்கலாம்லா? எனக்கு என்ன தெரியப்போகுது?" என்றார்.

"சொல்லியிருக்கலாம்மா."

"ம்." டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "வெள்ளிக்கிழமை சரியா ஓட்டுவியா?"

"ஓட்டுவேன்."

"அப்படின்னா நான் வாறேன். காப்பியைக் குடி, ஆறிப்போச்சு."

இரண்டு சிரிப்பு

வியாழக்கிழமை சஜியிடம் நான் வாதம் செய்யவில்லை. எட்டையும் ஒன்பதையும் சரியாக அடுக்கி, சப்டைட்டில் டைமிங்கை எல்லாம் திரும்ப ஏற்றி, விளக்கை அணைத்துவிட்டு அவரை உட்கார வைத்தேன். மொத்தம் இருபது நிமிஷம். சுந்தரம் பூட்ஸைக் கையில் எடுத்துத் திருப்புகிறான். அந்தப் 10 அவன் மூக்குக்கு முன்னால் நிற்கிறது. அவனுக்கு அது தெரிகிறது, ஆனால் புரியவில்லை. தன் கால் ஏழாம் நம்பர், வந்தவனுடையது பத்தாம் நம்பர் என்ற துக்கம்தான் அவனுக்கு. சஜி அந்த இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டார். அப்புறம் அந்த ஷாட்டை இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார்.

"சேச்சி, நூறு தடவை பார்த்திட்டுண்டு இந்த சீன். ஒரு தடவை கூட சிரிச்சிட்டில்லா" என்றார். அச்சடித்த குறிப்பையெல்லாம் ஓரமாக வைக்கச் சொன்னார். நல்ல முதலாளி, அவர் செலவைப் பற்றிப் பேசவே இல்லை.

வெள்ளிக்கிழமை ஹாலில் இடமில்லாமல் பலர் நின்றுதான் பார்த்தார்கள். பாதிக்கு மேல் தமிழ் தெரியாத இளவட்டம். நான் வழக்கம்போல் பின் வரிசையில் உட்கார்ந்து முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், சிரிப்பு முதலில் முதுகில்தான் தெரியும். கடைக்காரர் வட்டம் போட்டபோதே குலுங்க ஆரம்பித்தார்கள். சுந்தரம் பூட்ஸைத் திருப்பியபோது ஹாலே வெடித்தது. அந்த இடத்தில் வசனம் கிடையாது, என் சப்டைட்டிலும் கிடையாது. அடுத்த வசனம் சிரிப்பில் முழுகிப்போனது. என் சர்வீஸில் ஒரு வசனம் முழுகியதற்கு நான் சந்தோஷப்பட்டது அன்று ஒருநாள்தான்.

படம் முடிந்து நீலாம்பாள் அம்மாளை மேடையில் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். ரீல் மாறிய கதையைச் சஜி சொன்னார், என் பேரையும் சொன்னார், நான்தான் சொல்லச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவி எழுந்து மலையாளத்தில், "பழைய வரிசையில் கமலாவுக்குத் தைரியம் கூடுதல் இல்லையா அம்மா?" என்று கேட்டாள்.

அம்மாள் மைக்கை வாங்கினார். "ஒரு தப்பும் செய்யாம, ரெண்டு பூட்ஸை மட்டும் வச்சு ஒரு ஆம்பிளையை ஆறு ரீலுக்கு ஆட்டி வச்சிருக்கேன். இதுக்கு மேல என்ன தைரியம் வேணும் மக்ளே?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அடங்கியதும் அவர் எழுந்து நின்றார். மகள் பிடிக்க வந்தாள், வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"இந்தப் படம் எடுத்தவரு எனக்கு ஒரு வாக்குக் குடுத்தாரு. அதை அவரு காப்பாத்தியிருக்காரு. எனக்குத்தான் தெரியாமப் போச்சு. அவரு என்னைக் கூப்பிட்டப்ப நான் போகல. இப்ப நீங்க எல்லாரும் அவருக்காக ஒருக்கா கைதட்டணும்." டைரக்டரின் முழுப் பெயரையும் சொன்னார். அத்தனை வருஷமும் அந்த வீட்டில் யாரும் உச்சரிக்காத பெயர் என்று மகள் பிறகு என்னிடம் சொன்னாள். ஹாலில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அம்மாள் கைதட்டவில்லை, கையைக் கூப்பிக்கொண்டு திரையைப் பார்த்து நின்றார்.

ரிப்போர்ட்

அடுத்த நாள் இறுதி ரிப்போர்ட் எழுதினேன். அது படத்தோடு ஆவணக் காப்பகத்துக்குப் போகும், நமக்குப் பிறகும் இருக்கும். சஜி படித்துவிட்டு, "சேச்சி, பேரு வேண்டா. 'ஓப்பரேட்டர் எரர்' என்னு போட்டா மதி, அது போதும்" என்றார்.

"ஓப்பரேட்டருக்கு ஒரு பேரு உண்டுல்லா சார்" என்றேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ஏதாவது இடறினால், அந்த நிமிஷமே நிறுத்தித் திருப்பிப் பாருங்கள், முதலாளி சாப்பாட்டுக்குப் போகட்டும். அதையும் மீறித் தப்பு நடந்துவிட்டால், அது எந்த வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று தேடி, நீங்களே போய்க் கதவைத் தட்டுங்கள்.

நான் ரிட்டயர் ஆன அன்று, இத்தனை வருஷத்தில் உங்களுக்குப் பெருமையான வேலை எது என்று கேட்டார்கள். எத்தனையோ பெரிய படங்களின் பெயரைச் சொல்லியிருக்கலாம். நான் அந்த ரிப்போர்ட்டின் நகலைத்தான் எடுத்துக் காட்டினேன். 'பிழை செய்தவர்' என்ற இடத்திலும் 'பிழையைக் கண்டுபிடித்தவர்' என்ற இடத்திலும் ஒரே பெயர் இருக்கும்.